சூனியக்காரி யார்? ஒரு தொலைக்காட்சித் தொடரும் அதன் ரசிகர்களின் ஊகங்களும்

தமிழ்ச் சங்க மலரில் சிலம்பைப் பற்றி எழுதலாம், சிந்தாமணியைப் பற்றி எழுதலாம். அமெரிக்கப் பேய்த் தொடரைப் பற்றி எழுதுவானேன் என்று மூத்த அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயம்தான். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் ராத்திரி ஒரு மணி வரை கண் விழித்து எதைப் பார்க்கிறார்கள், பார்த்து முடித்த பிறகு எதைப் பற்றி மணிக்கணக்கில் வாதம் பண்ணுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. கிட்டப்போய்க் கேட்டால், அவர்கள் செய்வது நம் தருக்க நூல்கள் பேசுகிற அதே சங்கதிதான். அதற்கு அனுமானம் என்று பெயர். பிள்ளைகள் அதைத் 'தியரி' என்கிறார்கள்.

'அமெரிக்கன் ஹாரர் ஸ்டோரி' என்ற தொடரை ரயன் மர்ஃபி, பிராட் ஃபால்சக் என்ற இருவர் உருவாக்கினார்கள். 2011ஆம் ஆண்டு எஃப்எக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. ஒவ்வொரு பருவமும் ஒரு தனிக் கதை. நடிகர்கள் மட்டும் பெரும்பாலும் அவர்களே. மூன்றாம் பருவத்தின் பெயர் 'கவென்'. சூனியக்காரிகளின் கூட்டம் என்று அர்த்தம். 2013 அக்டோபர் 9 முதல் 2014 ஜனவரி 29 வரை 13 பகுதிகளாக வந்தது. இதில் நடித்த ஜெசிகா லாங், கேத்தி பேட்ஸ் இருவரும் 2014இல் எம்மி விருது பெற்றார்கள். ரத்தமும் ஆபாசமும் நிறைய உண்டு. சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்கத் தக்கதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கதை

நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஒரு பழைய வெள்ளை மாளிகை. வெளியே பெண்கள் பள்ளிக்கூடம் என்று பெயர். உள்ளே மந்திர சக்தியோடு பிறந்த பெண்களுக்குப் பாதுகாப்பிடம். நடத்துபவள் கோர்டீலியா. அவளுடைய தாய் ஃபியோனாதான் அந்தக் காலத்துச் 'சுப்ரீம்', அதாவது எல்லாச் சக்திகளும் படைத்த தலைவி. ஒரு தலைமுறைக்கு ஒரு சுப்ரீம்தான். அடுத்தவள் தலையெடுக்கத் தொடங்கினால் இருப்பவளின் உடம்பு தேயும். ஃபியோனாவுக்குப் புற்றுநோய். அப்படியானால் அடுத்தவள் எங்கோ எழுந்துவிட்டாள். யார் அவள்? பள்ளியில் ஜோயி, மேடிசன், குவீனி, நான் என்ற பெண்கள் இருக்கிறார்கள். பிறகு மிஸ்டி என்பவளும் வந்து சேருகிறாள். ஃபியோனாவுக்குச் சாக மனமில்லை. வாரிசைக் கண்டுபிடித்துத் தீர்த்துக்கட்டிவிட்டால் தான் பிழைக்கலாம் என்பது அவள் கணக்கு.

அந்த 13 பகுதிகளும் வந்த காலமெல்லாம் ரசிகர்கள் செய்த வேலையும் இதேதான்: அடுத்த சுப்ரீம் யார் என்று கண்டுபிடிப்பது. செத்தவரை எழுப்புவது சுப்ரீமுக்குரிய ஏழு வித்தைகளில் ஒன்று, அது மிஸ்டிக்கு இயல்பாகவே வருகிறது, ஆகவே அவள்தான் என்றார்கள் ஒரு சாரார். நான் முதலில் பிறர் மனத்தைப் படிக்க மட்டும் தெரிந்தவள், போகப்போகப் பிறரைத் தன் எண்ணப்படி ஆட்டிவைக்கிறாள், ஆகவே அவள்தான் என்றார்கள் இன்னொரு சாரார். கதை ஜோயியை வைத்துத் தொடங்குகிறது, ஆகவே முடிவும் அவளிடம்தான் என்றவர்களும் உண்டு. தாய்க்குப் பின் மகள் என்று கோர்டீலியாவைச் சொன்னவர்கள் கொஞ்சம் பேர். கடைசியில் அவர்கள் சொன்னதுதான் பலித்தது.

ஏது என்றால் என்ன?

இந்த ஊகங்களை எடைபோட ஒரு தராசு வேண்டும். எங்கள் சமண தருக்கத்தில் ஒரு தராசு இருக்கிறது. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கிற எடுத்துக்காட்டு. இதில் புகை ஏது. நெருப்பு நாம் நிறுவ வேண்டிய முடிவு. நல்ல ஏதுவுக்கு மூன்று இலக்கணம் வேண்டும் என்றார்கள் பௌத்தர்கள். சமண ஆசிரியர்கள் ஒன்றே போதும் என்றார்கள். முடிவு இல்லாவிட்டால் ஏது இருக்கவே முடியாது என்று ஆக வேண்டும், அவ்வளவுதான். இதை 'அந்யதானுபபத்தி' என்பார்கள். சித்தசேனரின் 'நியாயாவதாரம்', மாணிக்கியநந்தியின் 'பரீக்ஷாமுகம்' போன்ற நூல்களில் இது விளக்கமாக இருக்கிறது. பேச்சுத் தமிழில் சொன்னால், "அது இல்லேன்னா இது வந்திருக்குமா?" என்ற ஒரே கேள்வி. வந்திருக்கும் என்றால் அது ஏதுவே அல்ல.

இதை வைத்து மிஸ்டி கட்சியையும் நான் கட்சியையும் பார்ப்போம். சக்தி கூடிக்கொண்டே போகிறது என்பது அவர்கள் காட்டுகிற அடையாளம். ஆனால் கதையில் அந்தப் பள்ளிப் பெண்கள் எல்லோருக்குமே சக்தி கூடுகிறது. சுப்ரீம் ஆகாதவளுக்கும் கூடுகிறது என்றால், கூடுவதை வைத்துச் சுப்ரீமைச் சொல்ல முடியாது. ஃபியோனாவின் நோய் நல்ல ஏதுதான். ஆனால் அது எதை நிறுவுகிறது? ஒரு வாரிசு எழுந்துவிட்டாள் என்பதை மட்டும். அவள் யார் என்பதை அல்ல. தெருக்கோடியில் புகை தெரிந்தால் நெருப்பு உண்டு என்று சொல்லலாம். யார் வீட்டில் என்று சொல்ல முடியாது.

கோர்டீலியா கட்சி வென்றதே என்பீர்கள். முடிவு சரியாக இருந்தது. வழி சரியாக இருந்ததா? தாய்க்குப் பின் மகள் என்பது நம் ஊர்க் கடைகளின் வழக்கம். அந்தத் தொடரில் அப்படி ஒரு விதி கிடையாது. ஃபியோனா தனக்கு முந்தைய சுப்ரீமின் மகளும் அல்ல. 1971இல் அவளைக் கொன்றுவிட்டு அந்த இடத்துக்கு வந்தவள். குருட்டாம்போக்கில் அடித்த கல்லும் சில நேரம் மாங்காயில் படும். அதைக் குறி பார்த்து அடித்தது என்று கணக்கில் எழுதக்கூடாது.

இன்னும் இரண்டு ஊகங்கள்

'கவென்' பருவத்தைத் தாண்டி, முழுத் தொடரையும் பற்றி இரண்டு பெரிய ஊகங்கள் உண்டு. ஒன்று, எல்லாப் பருவங்களும் ஒரே உலகத்தில் நடக்கின்றன என்பது. முதலில் இது வெறும் ஆசையாகத்தான் இருந்தது. முதற் பருவத்தில் மாண்ட்கோமரி என்று ஒரு வைத்தியர். மூன்றாம் பருவத்தில் மேடிசன் மாண்ட்கோமரி. ஆகவே உறவு என்றார்கள். பெயர் ஒற்றுமையை நம்பி நிற்கிற வாதம் இது. ஒரே பெயர் கொண்ட இரண்டு பேர் உறவு இல்லாமலும் இருக்கலாமே! ஆனால் 2014இல் வந்த நான்காம் பருவத்தில், இரண்டாம் பருவத்துப் பெப்பர் என்ற பாத்திரமே, அதே நடிகையோடு, தன் முற்கதையோடு வந்தாள். இதற்கு வேறு விளக்கம் கிடையாது. ஐந்தாம் பருவத்து ஓட்டலுக்குக் குவீனி வந்து சேர்ந்தாள். 2018இல் வந்த எட்டாம் பருவமான 'அபோகலிப்ஸ்' முதற் பருவத்து வீட்டையும் மூன்றாம் பருவத்துச் சூனியக்காரிகளையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்துவிட்டது. ஊகம் நிறுவப்பட்டது. பழைய சான்று மோசம், புதிய சான்று நல்லது, முடிவு ஒன்றுதான். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மற்றொன்று, ஒவ்வொரு பருவமும் இத்தாலியக் கவிஞர் தாந்தே பாடிய நரகத்தின் ஒன்பது வட்டங்களில் ஒன்று என்பது. இந்தப் பட்டியலை மர்ஃபியே எடுத்துப் பகிர்ந்ததால் ரசிகர்களுக்கு ஒரே உற்சாகம். 'கவென்' பருவத்துக்குத் துரோகம் என்ற ஒன்பதாம் வட்டத்தைக் கொடுத்தார்கள். பொருத்தமாகத்தான் தோன்றும். ஃபியோனா மாணவியைக் கொல்கிறாள், மேடிசன் மிஸ்டியை உயிரோடு கல்லறைக்குள் அடைக்கிறாள். ஆனால் துரோகம் இல்லாத பருவம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள் பார்க்கலாம்! பேராசை, கோபம், வஞ்சகம் எல்லாமே எல்லாப் பருவத்திலும் கொட்டிக்கிடக்கின்றன. எந்தப் பூட்டையும் திறக்கிற சாவி, இந்த வீடு யாருடையது என்று சொல்லாது. போதாக்குறைக்கு, வட்டங்கள் ஒன்பது. பருவங்கள் 2024க்குள் 12 ஆகிவிட்டன.

மர்ஃபியே பகிர்ந்தாரே, ஆசிரியர் வாக்கு சான்று ஆகாதா என்று கேட்கலாம். நம் நூல்கள் ஆப்த வாக்கியத்தையும் பிரமாணமாக ஏற்கின்றனவே? உண்மைதான். ஆனால் ஆப்தன் என்பவன் விஷயத்தை அறிந்தவனாகவும் ஆசாபாசம் இல்லாதவனாகவும் இருக்க வேண்டும். தன் சரக்கைப் பற்றிப் பேசுகிற வியாபாரியை அந்த இடத்தில் வைக்க முடியாது. நானும் வியாபாரிதான், தெரிந்துதான் சொல்கிறேன். கதாசிரியர் கதைக்குள் எழுதிக் காட்டியதுதான் சான்று. வெளியே சொன்னது விளம்பரமாகவும் இருக்கலாம்.

இன்னொரு விஷயம். அநேகாந்தம் என்றால் எல்லோர் சொல்வதும் சரி என்பதுதானே, எல்லா ஊகமும் சரி என்று விட்டுவிடலாமே என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது அநேகாந்தம் அல்ல, சோம்பேறித்தனம். ஒரு பொருளுக்குப் பல பக்கங்கள் உண்டு என்பதுதான் அநேகாந்தம். எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்று சொல்லவும் வேண்டும், அந்தப் பக்கத்துக்குச் சான்று காட்டவும் வேண்டும்.

ஃபியோனாவின் அனுமானம்

இனிமேல்தான் முக்கியமான இடம். ரசிகர்கள் விளையாட்டாகச் செய்ததைக் கதைக்குள் ஃபியோனா நிஜமாகச் செய்கிறாள். மேடிசனின் சக்தி ஓங்குவதைப் பார்க்கிறாள். வாரிசு இவள்தான் என்று முடிவு கட்டுகிறாள். மூன்றாம் பகுதியிலேயே கழுத்தை அறுத்துவிடுகிறாள். ஆனால் வாரிசு அவள் இல்லை. மகள் கோர்டீலியா பக்கத்து அறையிலேயே இருக்கிறாள். ஏது அல்லாததை ஏது என்று கொண்டதால் ஒரு கொலை.

ஐந்தாம் பகுதி அதைவிடக் கொடுமை. கோர்டீலியாவின் முகத்தில் யாரோ அமிலம் வீசிக் கண் போய்விடுகிறது. பழியை மிர்ட்டில் என்ற தன் பழைய எதிரியின் மேல் ஃபியோனா போடுகிறாள். மிர்ட்டிலின் கையில் அமிலக் காயம் இருப்பதைச் சபையில் காட்டுகிறாள். அந்தக் காயம் குவீனியின் வித்தையால் ஃபியோனாவே உண்டாக்கியது. சூனியக்காரிகளே சேர்ந்து ஒருத்தியைக் கம்பத்தில் கட்டி எரிக்கிறார்கள், பொய்ச் சாட்சியின் பேரில். வேட்டைக்குத் தப்பி ஓடிவந்து ஒளிந்தவர்கள் தங்களுக்குள்ளேயே வேட்டை நடத்துகிறார்கள். என் கணக்கில் இந்தப் பருவத்தின் சிறந்த இடம் இதுதான். ரசிகர்கள் ஏழு வித்தைகளைப் பற்றி எழுதிய அளவுக்கு இதைப் பற்றி எழுதவில்லை என்பது என் வருத்தம்.

அந்தச் சேலம்

தங்கள் கூட்டம் சேலத்திலிருந்து வந்தது என்று இந்தச் சூனியக்காரிகள் சொல்லிக்கொள்கிறார்கள். நம் மாம்பழச் சேலம் அல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம். அங்கே 1692இல் பாதிரியார் ஒருவர் வீட்டுச் சிறுமிகளுக்கு வலிப்பு மாதிரி வந்தது. முதலில் பிடிபட்டவர்கள் மூன்று பெண்கள்: டிடுபா என்ற அடிமை, பிச்சை எடுத்துப் பிழைத்த ஒருத்தி, சொத்துத் தகராறில் இருந்த ஒருத்தி. அடுத்த சில மாதங்களில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஒரு கிழவரைக் கல்லை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். சிறையில் செத்தவர்களும் உண்டு. அங்கே யாரையும் எரிக்கவில்லை. தொடரில் வரும் எரிகம்பம் ஐரோப்பாவின் வழக்கம். டிடுபாவைக் கறுப்பினத்தவள் ஆக்கிக் குவீனியை அவள் வம்சம் என்று தொடர் சொல்கிறது. அந்தக் காலத்து ஆவணங்கள் டிடுபாவை இந்தியன், அதாவது அமெரிக்கப் பூர்வகுடி என்றே குறிக்கின்றன. தொடரைப் பார்த்துச் சரித்திரம் படிக்கிற பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த வழக்குகளில் சான்று என்ன தெரியுமா? இந்தப் பெண்ணின் ஆவி வந்து என்னைக் கிள்ளிற்று என்று புகார் செய்தவர் சொல்வது. ஆவி மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. குற்றம் சாட்டப்பட்டவள் அந்த நேரத்தில் பத்து மைல் தள்ளி இருந்தாலும் பயன் இல்லை, வந்தது ஆவிதானே! இல்லை என்று நிரூபிக்க வழியே இல்லாத சான்று சான்றே அல்ல. சூனியம் செய்பவரால் கிறித்தவ ஜெபத்தைப் பிழையில்லாமல் சொல்ல முடியாது என்று ஒரு பரீட்சையும் வைத்திருந்தார்கள். ஜார்ஜ் பரோஸ் என்ற போதகர் தூக்குமரத்தடியில் நின்று அதைப் பிழையில்லாமல் சொன்னார். அப்படியும் தூக்கிலிட்டார்கள். முடிவை முதலில் எழுதிவிட்டால் எந்தப் பரீட்சையும் அதை மாற்றாது.

1692 அக்டோபரில் ஆளுநர் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார். ஆவிச் சாட்சியை விலக்கிப் புதிய நீதிமன்றம் விசாரித்தபோது பெரும்பாலோர் விடுதலையானார்கள். தண்டனை பெற்றவர்களில் கடைசியாகப் பெயர் நீக்கப்பட்ட எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணுக்கு 2022இல்தான் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் குற்றமில்லை என்று சொன்னது. 329 வருஷம் ஆயிற்று.

இங்கேதான் 'கவென்' தொடரின் பெரிய குறை. துன்புறுத்தப்படும் சிறுபான்மையினரின் கதை மாதிரி அது தன்னைக் காட்டிக்கொள்கிறது. ஆனால் அதில் சூனியக்காரிகளுக்கு நிஜமாகவே சக்தி இருக்கிறது. பார்வையாலேயே ஆளைக் கொல்கிறார்கள். அப்படியானால் அவர்களைக் கண்டு அஞ்சுகிறவன் முழு முட்டாள் இல்லையே! சேலத்தில் தூக்கில் தொங்கியவர்களிடம் ஒரு சக்தியும் இல்லை. சூனியம் என்ற சொல்லுக்கு ஒன்றுமில்லாதது என்பதும் பொருள். அந்த வழக்குகளில் இருந்தது அதுதான்.

நம் பக்கத்து மாவட்டம்

இதெல்லாம் முந்நூறு வருஷத்துப் பழங்கதை என்று நினைக்கவேண்டாம். நாம் குடியிருக்கும் இந்த ஜார்க்கண்டில் 'டாயன்' என்ற சொல்லைக் கேட்காத தமிழர் இருக்க மாட்டார். பீகார் 1999இல் இதற்கென்று தனிச் சட்டம் போட்டது. ஜார்க்கண்ட் 2001இல் அதை ஏற்றது. சத்தீஸ்கர் 2005இல், ஒடிசா 2013இல், ராஜஸ்தான் 2015இல் சட்டம் கொண்டுவந்தன. அசாம் சட்டமன்றம் 2015இல் நிறைவேற்றிய சட்டத்துக்கு 2018இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. தேவை இல்லாமல் இத்தனை மாநிலங்கள் சட்டம் போடா.

ஜாம்ஷெட்பூரை ஒட்டிய சராய்கேலா கர்சாவான் மாவட்டத்துச் சுட்னி தேவியை ஊரார் சூனியக்காரி என்று சொல்லி அடித்துத் துரத்தினார்கள். அவர் ஓடி ஒளியாமல், தம்மைப்போல் பழி சுமத்தப்பட்ட பெண்களைக் காக்கும் வேலையில் இறங்கினார். அசாமில் கோல்பாரா மாவட்டத்து பீருபாலா ராபாவும் அப்படித்தான். இருவருக்கும் 2021இல் பத்மஸ்ரீ விருது கொடுக்கப்பட்டது. பீருபாலா 2024 மே மாதம் காலமானார்.

பீருபாலா எப்படி இந்த வேலைக்கு வந்தார் என்பது தருக்கம் படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது. அவருடைய மகனுக்கு உடம்பு சரியில்லை. மந்திரவாதி பார்த்துவிட்டு, பையன் மூன்று நாளில் செத்துவிடுவான் என்று நாள் குறித்தான். மூன்று நாள் போயிற்று, பையன் சாகவில்லை. சொன்னது பலிக்கவில்லை, ஆகவே சொன்னவனின் கொள்கையும் பொய் என்று அந்தத் தாய் முடிவு செய்தார். நியாயாவதாரம் அவர் படித்ததில்லை. ஆனால் அது கேட்கச் சொல்கிற கேள்வியைத்தான் கேட்டார். அதைக் கேட்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர் பக்கத்து வீட்டுக் கிழவியை அடிக்கப் புறப்பட்டிருப்பார்கள்!

எங்கள் சமணத் தமிழர்கள் போற்றுகிற நீலகேசி நினைவுக்கு வருகிறாள். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்று அது. 1936இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி பதிப்பித்தார். பழையனூர் நீலி, ஆளை ஏமாற்றிப் பழிவாங்குகிற பேய் என்பது நாட்டார் வழக்கு. காப்பியத்தில் அவள் முனிச்சந்திரர் என்ற துறவியைப் பயமுறுத்தி ஓட்ட வருகிறாள். அவர் அஞ்சவுமில்லை, அவளைக் கட்டி எரிக்க ஆள் கூட்டவும் இல்லை, பேசினார். அவள் கொல்லாமையை ஏற்றாள். பிறகு ஊர் ஊராகப் போய்ப் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர் என்று எல்லோரிடமும் வாதம் செய்தாள். நாட்டார் கதையில் பேயாக இருந்தவளை வாதியாக்கிப் பார்த்த அந்தப் பெயர் தெரியாத கவிஞர், இன்றைய ரசிகர்கள் செய்கிற வேலையை அன்றைக்கே செய்திருக்கிறார் என்று சொன்னால் தப்பில்லை. வேறொரு முடிவு சாத்தியமா என்று யோசித்திருக்கிறார்.

ஆகவே பிள்ளைகள் ஊகம் செய்வதைப் பெரியவர்கள் தடுக்க வேண்டாம். செய்யட்டும், "அது இல்லேன்னா இது வந்திருக்குமா?" என்று மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். காகிதத்தில் பிறந்த ஃபியோனாவையும் மிஸ்டியையும் பற்றி ஊகம் தப்பினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல், நேற்று எதிர்வீட்டு அம்மாள் பார்த்துவிட்டுப் போனாள் என்று நம் வீட்டிலேயே யாராவது பேச்செடுக்கும்போது, அதே கேள்வியை அந்தப் பிள்ளை எழுந்து கேட்க வேண்டும். அந்த அம்மாள் வராவிட்டால் காய்ச்சல் வந்திருக்காதா? இதைக் கேட்கிற பிள்ளை வளர்ந்தால், ராத்திரி ஒரு மணி வரை கண் விழித்ததற்கு நான் கோபிக்க மாட்டேன்.